அறுபத்தொன்று குறைவு

1988ஆம் ஆண்டு நவம்பர் 14, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறல். மேற்கே பெரம்பலூர்ப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. காற்று அடியோடு நின்றிருந்தது. ஆலையின் புகைபோக்கியிலிருந்து வந்த வெள்ளைத் தூசி மேலே போகாமல் எங்கள் கட்டிடத்தின் மீதே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில்தான் சென்னையிலிருந்து வந்திருந்த பொறியாளர் கணிப்பொறியில் ஒரு விசையை அழுத்தினார். சற்று நேரம் கழித்துப் பச்சைத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வந்தது. 61 வரிகள் நீக்கப்பட்டன என்று பொருள்.

அந்த எண்ணைச் சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்புறம் குறித்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. எண்ணைக் கண்டால் எழுதிவிடுவேன். கணிப்பொறி அறைக்கு ஏறும் படிகள் பதினேழு. இன்றும் இரவில் கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை தொட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. வீட்டில் இதைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருந்த ஒரு சிமெண்ட் ஆலையில் கணிப்பொறிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஆலையின் பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. ஆலை முழுவதிலும் குளிர்சாதனம் இருந்த ஒரே அறை எங்களுடையது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், மேலாளரானாலும் சரி. சம்பளம், உதிரிபாகக் கிடங்கு, சுண்ணாம்புக்கல் குவாரியின் வெடிமருந்து இவ்வளவும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. இப்போது தரவுத்தளம் என்கிறார்கள். நாங்கள் டேட்டாபேஸ் என்றே சொன்னோம்.

வெடிமருந்துக்கு இரண்டு அட்டவணைகள். வந்த சரக்குக்கு ஒன்று, குவாரிக்குக் கொடுத்ததற்கு ஒன்று. ஒவ்வொரு சீட்டும் ஒரு வரி. வரவைக் கூட்டி, செலவைக் கூட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கையிருப்பு. இவ்வளவுதான் அதன் வேதாந்தம். ஆனால் செலவு அட்டவணை பெருத்துப்போய், கையிருப்பு அறிக்கை எடுக்க நான்கு மணி நேரம் ஆகத் தொடங்கியது. பாதியில் மின்சாரம் போனால் முதலிலிருந்து எடுக்கவேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் போகாத நாள் ஏது? அதனால்தான் பொறியாளரை வரவழைத்தோம்.

அவர் கெட்டிக்காரர், இளவயது. பார்த்தவுடனே நோயைச் சொல்லிவிட்டார்.

“சீட்டு நம்பர் மேல இண்டெக்ஸ் இல்ல சார். ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சிக்கிட்டு இருக்கு. பன்னெண்டு நிமிஷத்துல கொண்டுவந்துடலாம்.”

ஒரு சீட்டு எண் ஒரு முறைதான் வரலாம் என்று கட்டுப்பாடு வைத்து, புத்தகத்தின் பின்னால் இருக்கும் பொருளடைவு போன்ற அந்த இண்டெக்ஸைப் போட்டார். கணிப்பொறி மறுத்தது. ஒரே எண் பல இடங்களில் இருப்பதாகச் சொன்னது. அவர் உதட்டைப் பிதுக்கினார். மின்வெட்டின்போது ஆபரேட்டர் இரண்டாம் முறை அடித்திருப்பார் என்றார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும்படி மூன்று வரியில் ஒரு கட்டளை எழுதினார். நான்கு மணி பத்து.

“எத்தனை இருக்கும்னு முதல்ல பாத்துக்கலாமா?” என்று கேட்டேன்.

“பாத்து என்ன சார் செய்யப்போறோம்? எடுக்கத்தானே போறோம்” என்றார்.

இண்டெக்ஸ் ஏறிவிட்டது. வரவு அட்டவணை சிறியது, அதில் தாமதம் இல்லை, அதைத் தொடவேண்டாம் என்றார். ஐந்து இருபது பஸ்ஸைப் பிடிக்க மழையில் ஓடினார். நான் குடை பிடித்துக்கொண்டு வாயில் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. வெளியூரிலிருந்து வந்து கைவைத்த ஆளை, அடுத்த அறிக்கை வெளிவந்து அது சரிபார்க்கப்படும் வரை, சோறு போட்டாவது ஊரில் நிறுத்தி வையுங்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அறிக்கை பதினோரு நிமிடத்தில் வந்தது. மேலாளர் மேலே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என் முதுகில் தட்டினார். ஆபரேட்டர் அம்மாள் காப்பிக்குச் சொல்லி அனுப்பினார். காப்பி வருவதற்குள் நான் வெடிமருந்துப் பக்கத்தைக் குவாரிக் கிடங்கிலிருந்து வந்திருந்த தினசரிச் சீட்டோடு ஒப்பிட்டுவிட்டேன். முதல் இனம் டெட்டனேட்டர். குவாரியில் அதைக் கேப்பு என்பார்கள். விரல் நீளம்கூட இராத உலோகக் குழாய். அது இல்லாமல் எந்த வெடியும் வெடிக்காது. கணிப்பொறியின்படி கையிருப்பு 1,901. கிடங்கில் இருந்தது 1,840.

கழித்தேன். மறுபடியும் கழித்தேன்.

அரியலூர் அருகே ரயில் பாலத்துக்குக் குண்டு வைத்த பிறகு, அந்த வருடங்களில் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் கேப்பு என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். சொன்னவன் வீட்டுக்கு மறுநாள் போலீஸ் ஜீப் வரும் என்ற பயம் இருந்தது. ஒரு கேப்பு குறைந்தாலே மேலே தெரிவிக்கவேண்டும் என்பது விதி. இங்கே அறுபத்தொன்று குறைகிறது. நான் தாளை மேலாளரிடம் நீட்டினேன். காப்பி டம்ளரை அவர் கீழே வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மெதுவாகத்தான் வைத்தார்.

வெடிமருந்துக் கிடங்கு ஆலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்தது. மேலாளர், செக்யூரிட்டி ஆபீசர், நான் மூவரும் மழையில் போனோம். அங்கேயும் வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும். ஆணி அடித்த செருப்பு தரையில் உரசினால் பொறி பறக்கும். தீப்பெட்டி, சாவிக்கொத்து, டார்ச் எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தோம். கிடங்குக் காப்பாளர் வரதராஜன்பேட்டைக்காரர். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. அதையும் பணிநேரத்தில் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவார், அதுவும் உலோகம் என்று.

அவரிடம் விஷயத்தைச் சொன்னோம். டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி எண்ண ஆரம்பித்தார்.

“லாபம், ரெண்டு, மூணு…”

“என்னய்யா லாபம்?” என்றார் செக்யூரிட்டி ஆபீசர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். “யாருக்கு லாபம்?”

“நெல்லு அளக்கற பழக்கம் சார். எங்கப்பாரு ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டாரு.”

“இங்க நெல்லா அளக்கற? ஒண்ணுன்னே சொல்லு.”

அவர் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார். பதினெட்டு டப்பா முழுசாக, ஒவ்வொன்றிலும் நூறு. பிரித்த டப்பாவில் நாற்பது. 1,840. மேலாளர் எண்ணச் சொல்லி, நான் எண்ணினேன். 1,840. அவருடைய பதிவேட்டிலும் 1,840.

“பாருங்க சார், புக்குல கரெக்டா இருக்கு” என்றார் காப்பாளர். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

“புக்கை எழுதறது யாரு?”

“நான்தான் சார்.”

“அப்ப கரெக்டாத்தான் இருக்கும்” என்றார் செக்யூரிட்டி ஆபீசர்.

போன மாதக் கடைசி அறிக்கையில் கணிப்பொறியும் கிடங்கும் சரியாகப் பொருந்தியிருந்தன என்று நான் சொன்னேன். அவருக்கு உதவும் என்று நினைத்துத்தான் சொன்னேன். மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

“அப்படின்னா இந்தப் பதினஞ்சு நாளுக்குள்ள போயிருக்கு.”

திரும்பி வரும்போது மழை வலுத்தது. மேலாளர் போன் செய்யவேண்டியவர்களுக்குச் செய்தார். செய்யாவிட்டால் அவர் வேலை போகும், விதி அப்படி. அவர் கேட்ட ஒரே கேள்வி, “உங்க மெஷின் தப்பா சொல்லுமா?” என்பதுதான். பதினான்கு மாதங்களாக, மனிதன் தப்புச் செய்வான், மெஷின் செய்யாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்தப் பேச்சை நம்பித்தான் அலுவலகத்தில் கையால் எழுதிவந்த இரண்டாவது கிடங்குக் கணக்கைத் தலைமை அலுவலகம் நிறுத்தியது.

“பாத்துத்தான் சார் சொல்லணும்” என்றேன். அது பதிலே இல்லை.

புதன்கிழமை காலை ஏழரைக்கு ஜீப் வந்தது. காப்பாளரை எந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. எட்டரைக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வாயிலில் ஓர் அம்மாள் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“கம்ப்யூட்டர் சாரு நீங்கதானே?”

“ஆமாம்மா.”

“சாப்பாடு எடுத்தாந்தேன். ஆளு இல்லன்னு சொல்றாங்க. உங்க கம்ப்யூட்டரு எங்க வூட்டுக்காரரைத் திருடன்னு சொல்லிடுச்சாமே.”

“அப்படிச் சொல்லலம்மா. அறுபத்தொண்ணு கொறையுதுன்னுதான் சொல்லுது.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்.”

நான் பதினேழு படி ஏறினேன். அன்றைக்கு எண்ணினேனா என்று நினைவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப்பையில் கைவிட்டேன். திங்கட்கிழமை போட்டிருந்த அதே சட்டை. பஸ் டிக்கெட் மழையில் ஊறி, காய்ந்து, மொறமொறவென்று வந்தது. பின்புறத்தில் 61.

இரண்டு நாட்களாக அந்த எண்ணைச் சுமந்துகொண்டிருந்தேன். அதே எண் அறிக்கையில் வந்தபோது என் மூளைக்கு எட்டவில்லை. எண்ணுகிறவனெல்லாம் பார்க்கிறவன் இல்லை.

அரியலூர் தபால் நிலையத்துக்குப் போய்ச் சென்னைக்கு மின்னல் கால், அதாவது சீக்கிரம் கிடைக்கக் கூடுதல் கட்டணம் கட்டும் டிரங்க் கால், பதிவு செய்தேன். ஆலைப் போனில் பேசினால் பத்துப் பேர் கேட்பார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பொறியாளர் கிடைத்தார்.

“டூப்ளிகேட்தான் சார் எடுத்தேன். ஒரே ஒரு சீட்டு நம்பர்தான் தகராறு. நம்பர் ஒண்ணு. அறுபத்திரண்டு தடவை இருந்துச்சு. ஒண்ணை வச்சிட்டேன்.”

“எங்க சீட்டெல்லாம் ஆயிரத்து ஒண்ணுலதானே ஆரம்பிக்குது. ஒண்ணாம் நம்பர் சீட்டு எப்படி வந்துச்சு?”

“அது உங்க ஆபீஸ் சமாச்சாரம் சார். எனக்கு எப்படித் தெரியும்?”

“அந்த வரியில என்ன இருந்துச்சுன்னு பாக்கலையா?”

“நம்பர் ஒண்ணா இருக்கும்போது உள்ள என்ன இருந்தா என்ன சார்?” என்றார். லைன் அறுந்துவிட்டது.

நீக்கும் கட்டளையை எழுதுவதற்கு முன்னால், அதே நிபந்தனையைப் போட்டு, நீக்காமல் வெறுமனே காட்டச் சொல்லவேண்டும். எத்தனை வரி, என்ன வரி, யாருடைய வரி. பிறகு அந்த வரிகளை வேறொரு பெயரில் பிரதி எடுத்து வைக்கவேண்டும். அதன்பிறகுதான் நீக்கவேண்டும். இதை நான் பின்னாளில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு நேரே நீக்குவார்கள்.

அறைக்குத் திரும்பி வரவு அட்டவணையில் ஒன்றாம் எண் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். வந்தது. அறுபத்திரண்டு வரிகள். எல்லாம் டெட்டனேட்டர். எண்ணிக்கை ஒவ்வொன்றிலும் ஒன்று. தேதிகளைப் பார்த்தேன்; எல்லாம் ஏழேழு நாள் இடைவெளி. எல்லாம் திங்கட்கிழமை. எனக்கு அந்த மரக்கதவுக் கிடங்கும், லாபம், ரெண்டு, மூணு என்ற குரலும் நினைவுக்கு வந்தன.

ஆபரேட்டர் அம்மாள் விக்கிரமங்கலத்திலிருந்து வருகிறவர். முப்பத்தைந்து வயது. பதினோரு வருடம் டைப்பிஸ்டாக இருந்துவிட்டுக் கணிப்பொறிக்கு மாறியவர். அவர் அடித்த ஒரு தாளில்கூட நான் பிழை கண்டதில்லை.

“ஏம்மா, திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒண்ணாம் நம்பர் சீட்டுன்னு ஒண்ணு போடறீங்களா?”

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“அது சீட்டு இல்ல சார். பிள்ளையார் சுழி.”

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“டைப் மெஷின்ல தாள் தலையில போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன். இதுல தமிழெழுத்து கிடையாது, தலைப்புல எதுவும் அடிக்கவும் விடாது. அதான் வாரக் கணக்கு தொறக்கறப்ப மொத வரியா ஒண்ணு போட்டுக்கறது. இனம் கேக்கும், மொத இனத்தைக் குடுத்துடுவேன். நம்பர் கேக்கும், ஒண்ணு. எத்தனைன்னு கேக்கும்…”

“அதுக்கும் ஒண்ணு.”

“மொதக் கணக்கை சைபர்ல ஆரம்பிக்கலாமா சார்?”

“அதனால கையிருப்பு மாறாதா?”

“எப்படி மாறும்? வரவுல ஒண்ணு போட்டா செலவுலயும் ஒண்ணு போட்டுருவேன்ல. கணக்கு சரியாப்போயிடும்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஏன் சார், என்னாச்சு?”

அவர் செய்தது கணக்கில் துளியும் பிசகில்லை. அறுபத்திரண்டு வாரம் பிள்ளையார் இரு பக்கமும் சமமாக உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை நான்கு பத்துக்குச் செலவுப் பக்கத்தில் அறுபத்தொரு பிள்ளையாரை எடுத்துவிட்டோம். வரவுப் பக்கத்தில் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். அந்த வித்தியாசத்துக்குத்தான் ஒரு மனிதரை ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள்.

விளக்கிச் சொன்னதும் அம்மாள் எழுந்துவிட்டார். “நான் வந்து சொல்றேன் சார், யார்கிட்ட வேணாலும்” என்றார். இருவரும் மேலாளரிடம் போனோம். அவர் முழுவதையும் கேட்டார்.

“கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா செலவுல அந்த வரியெல்லாம் இருந்துச்சுன்னு எப்படிக் காட்டுவீங்க? இப்ப இல்லையே.”

“வரவுல இருக்கு சார். அறுபத்திரண்டு.”

“அதை நேத்து ராத்திரி நீங்க ரெண்டு பேரும் உக்காந்து அடிச்சு வைக்கலையான்னு போலீஸ்காரன் கேட்டா?” குரலை உயர்த்தாமலேதான் சொன்னார். “ஒரு ஆளு உள்ள இருக்கார். மூணு பேர் ஆக்கிடாதீங்க. தலைமை ஆபீஸ்லேர்ந்து திங்கக்கிழமை தணிக்கைக்கு ஆள் வருது. அதுவரைக்கும் யாரும் அந்த மெஷினைத் தொடக்கூடாது. இது உத்தரவு.”

திங்கட்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாள் அந்தச் சாப்பாட்டுத் தூக்கு வாயிலில் வந்து நிற்கும். அதற்குள் காப்பாளர், இல்லாத கேப்புகளை இன்னாரிடம் கொடுத்தேன் என்று எதையாவது ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு எந்தக் கணக்காலும் அவரை வெளியே கொண்டுவர முடியாது.

ஒரே ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு நாடாவில் பிரதி எடுப்போம். அந்த நாடாவை உறையிலிட்டு, அரக்கு வைத்து, செக்யூரிட்டி ஆபீசர் கையெழுத்துப் போட்டு, கணக்குப் பிரிவு இரும்புப் பெட்டியில் வைப்போம். அதில் திங்கட்கிழமைக்கு முந்தைய செலவு அட்டவணை இருக்கும். யாரும் கைவைத்திருக்க முடியாது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. பதினான்கு மாதங்களாக நாடாவில் எழுதியிருக்கிறோமே தவிர, ஒரு நாள்கூட ஒரு நாடாவையும் திரும்பப் படித்துப் பார்த்ததில்லை. எழுதினால் இருக்கும் என்று நம்பினோம்.

வியாழக்கிழமை மேலாளர் திருச்சிக்குப் போயிருந்தார். பத்து மணிக்குச் செக்யூரிட்டி ஆபீசரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“தொடக்கூடாதுன்னு உத்தரவு உங்களுக்கா எனக்கா?”

“எனக்கு.”

“அப்ப தொடறது நீங்க. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். பாக்கக்கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லல.”

அவரே இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கடைசி இரண்டு சனிக்கிழமை நாடாக்களையும் எடுத்துவந்தார். இருக்கும் அட்டவணை மீது பழையதை இறக்கிவிடக்கூடாது. வேறு பெயரில், தனி இடத்தில் இறக்கவேண்டும். வட்டில் இடம் போதவில்லை. போன வருடத்துப் பழைய அறிக்கைகளை அழித்து இடம் பண்ணினேன். அழிக்கும் முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். செக்யூரிட்டி ஆபீசருக்குப் பொறுமை போயிற்று. “என்னா சார், பொண்ணு பாக்கறாப்ல பாக்கறீங்க” என்றார்.

12ஆம் தேதி நாடாவின் அரக்கை உடைத்துப் போட்டோம். சுற்றியது. நின்றது. பின்னால் போய் மறுபடியும் சுற்றியது. படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது. மூன்று முறை போட்டேன். வெளியே எடுத்து மூடியைத் தள்ளிப் பார்த்தால் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்புத் தூசி. செருப்பைக் கழற்றினோம், தூசி அதைக் கேட்டுக்கொண்டா வரும்?

“இன்னொண்ணு இருக்குல்ல” என்றார் அவர். குரலில் கிண்டல் போயிருந்தது.

5ஆம் தேதி நாடா. நாற்பது நிமிடம். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டே இருந்தது. விளக்கு ஒரு முறை மங்கி மறுபடியும் பிரகாசமானது. அந்த மூச்சில் மின்சாரம் போயிருந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஆபரேட்டர் அம்மாள் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதையும் வேண்டிக்கொள்ளக்கூடப் பயப்படுகிறவர் மாதிரி இருந்தார்.

நாடா நின்றது. பிழை ஏதும் இல்லை.

செலவில் ஒன்றாம் எண் சீட்டு எத்தனை என்று கேட்டேன். அறுபது. வரவில் கேட்டேன். அறுபது. 1987 செப்டம்பர் 14 முதல் 1988 அக்டோபர் 31 வரை, ஒவ்வொரு வாரமும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அதன்பிறகு வந்த இரண்டு திங்கட்கிழமைகளைச் சேர்த்தால் அறுபத்திரண்டு. அதில் நீக்கியது போக மீதி ஒன்று. மூன்று பிரதி அச்சடித்தேன். செக்யூரிட்டி ஆபீசர் பென்சிலால் ஒவ்வொரு வரியையும் தொட்டுத் தானே எண்ணினார். உதடு அசைந்தது. கடைசியில் தேதியும் நேரமும் போட்டு, அரக்கை உடைத்தது தன் முன்னிலையில் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“லாபம்னு ஆரம்பிச்ச ஆளைப் போட்டு மெரட்டினேனே” என்றார். ஒரு பிரதியைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு, மழையில் மோட்டார் சைக்கிளை எடுத்தார். போலீஸில் பழைய பட்டாளத்து நண்பர்கள் இருந்ததால் ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. மாலையில் மேலாளர் வந்ததும் இன்னொரு பிரதியை அவர் மேசையில் வைத்தேன். அவர் முதலில் தாளைப் படித்தார், பிறகு போனை எடுத்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“உத்தரவை மீறினதுக்குத் தனியா மெமோ வரும்” என்றார். வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் காப்பாளர் வந்தார். யாரும் கொண்டுவந்து விடவில்லை, பஸ்ஸில் வந்தார். அவர் மனைவி வாயிலிலேயே இருந்தார்; தூக்கைத் திறந்து அங்கேயே சாப்பிட வைத்தார். நான் கீழே இறங்கிப் போனேன். காப்பாளர் இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். நான் இடப்பக்கம் நின்று பேசியது அவருக்குக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன்.

“காதுல என்னாச்சுங்க?”

“விழுந்துட்டேன் சார்.” கொஞ்சம் சாப்பிட்டார். “அந்த அறுபத்தொண்ணு கிடைச்சிடுச்சா சார்?”

“அது இருந்ததே இல்லைங்க. கணக்குல மட்டும்தான் இருந்துச்சு.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“எங்க வச்சிருக்கன்னு கேட்டாங்க சார். இல்லாததை எங்க இருக்குன்னு சொல்றது? திருமழபாடில ஆத்துல போட்டுட்டேன்னு சொல்லிடலாம்னு வியாழக்கிழமை சாயங்காலம் முடிவு பண்ணிட்டேன். அப்பதான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுச்சு. இந்தக் காதுலதான் கேட்டுச்சு” என்று வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

அவர் பிறகு கிடங்குச் சாவியை வாங்க மறுத்துவிட்டார். மூட்டை ஏற்றும் இடத்துக்கு மாற்றிக்கொண்டு போனார். அங்கே லாரிச் சத்தத்தில் யாருக்கும் காது கேட்காது, தனக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். ஆபரேட்டர் அம்மாளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அடுத்த திங்கட்கிழமை அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, விரலை விசைமேல் வைக்காமல் என்னைப் பார்த்தார்.

“இனிமே எங்க சார் போடறது?”

அவருக்கென்று புதிதாக ஓர் அட்டவணை உண்டாக்கினேன். ஒரே ஒரு பத்தி, தேதி மட்டும். எதனோடும் சேராது, எந்தக் கூட்டலிலும் வராது. திங்கட்கிழமை காலையில் முதல் வரியை அதில் போட்டுவிட்டு அவர் வேலையை ஆரம்பிப்பார். நான் ஆலையை விட்டு வரும்வரை அந்த அட்டவணையை யாரையும் சுத்தம் செய்ய விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு நாடாவைத் திரும்பப் படித்துப் பார்த்த பிறகே வீட்டுக்குப் போனேன். அப்படியும் சில ஞாயிற்றுக்கிழமைகளில், நான் படித்துப் பார்க்காத நாடாவில் யாருடைய வரியோ வெள்ளையாகக் கிடப்பதுபோல் தோன்றி எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

செலவையும் எழுதிவிடுகிறேன். சென்னைக்கு மின்னல் கால் முப்பத்தாறு ரூபாய். அரியலூருக்கும், பிறகு காப்பாளரோடு திருச்சிக்கும் போய்வந்த பஸ் கட்டணம் இருபத்தொன்று ஐம்பது. காது வைத்தியருக்கு என் பங்கு நூற்று முப்பத்தைந்து. முழுவதையும் கொடுக்க அவர் விடவில்லை. பாழான நாடாவுக்கு என் சம்பளத்தில் பிடித்தது நானூற்று ஐம்பது. உத்தரவை மீறியதற்கு, தொடர் பாதிப்பின்றி, ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். மாதம் நாற்பத்தைந்து வீதம் ஐந்நூற்று நாற்பது. ஆக மொத்தம் ஆயிரத்து நூற்று எண்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.